ஓர் எண், ஓர் ஆள்

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் கூடுதல். அம்மா சொல்வாள், மேலதிகாரிகள் சொல்வார்கள், தனியாக இருக்கும்போது நானே சொல்லிக்கொள்வேன். அந்த வாய்க்கொழுப்பால் ஒரு லாரி ஓட்டுநரின் உயிர் போக இருந்தது. அது எனக்குத் தெரிந்தபோது காலை மணி பத்து ஐம்பது. அவர் டோல்கேட்டுக்கு வந்து சேரும் நேரம் பதினொன்று முப்பத்தைந்து.

நான் சிந்துஜா. நாமக்கல் பக்கத்துக்காரி. அப்போது சென்னையில், வெளியே பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் எனக்கு வேலை. நாட்டுப் பாதுகாப்புக்கான தகவல்களை எல்லாம் ஒன்றாகக் கோக்கும் அமைப்புக்கு 'இழை' என்று பெயர். அதில் நான் உறுதியாளர்.

இழை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சுலபமாகச் சொல்வேன். எல்லாமே மூன்று சொல். 'குமரேசன், ஓட்டுகிறார், இந்த லாரி.' 'இந்த லாரி, நின்றது, அந்தப் பெட்ரோல் பங்க்.' இப்படிக் கோடிக்கணக்கில். காவல் நிலையம், துறைமுகம், டோல்கேட், தொலைபேசிக் கம்பெனி என்று ஆளாளுக்குத் தங்கள் பங்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பழைய கணினிகள் அதை எழுத்தாகச் சேர்த்துவைத்தன. இழைக்கு அர்த்தம் புரியும். லாரி நின்ற இடத்தில் குமரேசனும் இருந்திருப்பார் என்று யாரும் சொல்லாமலே அது தெரிந்துகொள்ளும். அப்படித் தெரிந்துகொள்வதற்கான விதிகளை எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவதுதான் உறுதியாளர் வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இழையில் போட்டதை யாரும் எடுக்க முடியாது. வேண்டப்பட்டவர்களின் பெயரைச் சில அதிகாரிகள் அழித்துவிட்டார்கள் என்று முன்பு பெரிய ரகளை ஆகி, அதன்பின் வந்த சட்டம் அது. புதிதாகச் சேர்க்கலாம். யார் சொன்னது என்பதை வைத்து நம்பிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். அழிக்க மட்டும் முடியாது.

அன்றைக்குப் பத்து நாற்பதுக்கு, எல்லாவற்றிலும் உச்சமான கருப்பு எச்சரிக்கை வந்தது. என் ஒன்பது வருஷத்தில் அது மூன்றாவது முறை. பதினெட்டு டன் சமையல் எரிவாயுவோடு ஒரு டேங்கர் வடக்கேயிருந்து சென்னையை நோக்கி வருகிறது. பன்னிரண்டரை மணிக்குத் துறைமுகத்தில் பல நாட்டு அமைச்சர்கள் கூடும் விழா. மூவாயிரம் பேர் இருப்பார்கள். டேங்கரை ஓட்டுபவன் சிவநேசன் என்றது இழை. சிவநேசன் யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் ஒரு ரயில் பாலத்துக்கு வெடிமருந்து கொண்டுபோனவன். நாலு பேர் செத்தார்கள். பாலத்துக் கேமராவில் முகம் தெளிவாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

உத்தரவு போய்விட்டது. ஏழுகுளம் டோல்கேட்டில் வண்டியை நிறுத்துவார்கள். கூரைமேல் இரண்டு பேர் துப்பாக்கியோடு படுத்திருப்பார்கள். ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போனால் சுட வேண்டியது. கீழே விசை இருக்கலாம் அல்லவா? அந்த உத்தரவை எழுதியவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

என்னை உறுத்தியது திரையில் இருந்த ஓட்டுநர் உரிமம். பெயர் செங்கோடன், வயது ஐம்பத்திரண்டு, திருச்செங்கோட்டுப் பக்கம். முன்வழுக்கை, நெற்றியில் திருநீறு. சிவநேசனுக்கு முப்பத்துநாலு வயதுதான். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று இழை எப்படிச் சொல்கிறது?

அதற்கு 'ஏன்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இழை தன் காரணத்தைச் சொல்லும். திரும்ப அழுத்தினால் அந்தக் காரணத்துக்குக் காரணம் சொல்லும். நான் அழுத்தினேன்.

முகம் வேறாக இருக்கிறதே, ஏன்? 'முகம் மாற்றியிருக்கிறார்.' ஏன்? 'உரிமம் போலி.' ஏன்? 'ஒருவருக்கு இரண்டு உரிமம் இருக்க முடியாது.' போன ஜனவரியில் ஒரே நாள், ஒரே மணியில் சிவநேசன் கவுகாத்தியிலும் செங்கோடன் கிருஷ்ணகிரியிலும் இருந்திருக்கிறார்களே, அது? 'ஏமாற்றுத் தடம் விடுகிறார். மிகத் தேர்ந்தவர். ஆபத்து அளவு உயர்த்தப்படுகிறது.'

இவர் அவனில்லை என்று காட்டும் ஒவ்வொன்றையும் இவர் கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார் என்பதற்குச் சாட்சியாக அது எடுத்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒருமுறை அழுத்தினேன். ஏன் ஒரே ஆள்? 'ஒரே தொலைபேசி எண். விதி 212: ஓர் எண், ஓர் ஆள். உறுதியளித்தவர்: சிந்துஜா. தகுதி: உள்ளூர் அறிவு, முதல் தரம்.'

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீட்டுப் போனில் பல பேர் பேசுவார்கள், கடைப் போனில் பல பேர் பேசுவார்கள், அதற்கெல்லாம் விலக்குப் போட்டாயிற்று. "லாரி டிரைவர்கள் எப்படி? ஒருத்தர் போனை இன்னொருத்தர் வைத்துக்கொள்வார்களா?" என்று நாக்பூரிலிருந்து வந்த அதிகாரி கேட்டார். நான் எழுந்து நின்றேன். என் அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், வண்டியிலிருக்கும் போனை இன்னொருத்தன் தொடவே முடியாது, நான் லாரி வீட்டுப் பெண், எனக்குத் தெரியாததா என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். 'உள்ளூர் அறிவு, முதல் தரம்' என்று என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பா சொந்த வண்டியைத் தானே ஓட்டியவர். யார் கையிலும் சாவியைக் கொடுக்க மாட்டார். எங்கள் வீட்டில் வண்டிப் போன் என்றால் அப்பா. ஊரிலுள்ள எல்லா வண்டியும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெளியாள் யாராவது அந்த விதியை எழுதியிருந்தால் ஒரு லாரிப் பேட்டைக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு எழுதியிருப்பார். நான் லாரி வீட்டுப் பெண் என்பதால் யாரிடமும் விசாரிக்கவில்லை.

எங்கள் மாடியில் கைபேசிக்கு அனுமதி இல்லை. திரையில் இருந்த லாரி உரிமையாளரின் எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கீழே கேண்டீனுக்கு ஓடி மாஸ்டரிடம் போன் கேட்டேன். எச்சரிக்கையில் இருப்பவரின் ஆட்களோடு பேசுவது எங்களுக்குக் கடுமையான குற்றம். மாஸ்டர் வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே போனை நீட்டினார்.

எடுத்தது ஒரு பெண். பெயர் சாந்தாமணி, வீட்டுக்காரர் இறந்தபின் மூன்று டேங்கரையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.

"அக்கா, இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து பேசறனுங்க," என்றேன். "உங்க வண்டில இருக்கற போன் நம்பரு, அது டிரைவரோடதுங்களா?"

"இல்லீங்க, அது வண்டிப் போனுங்க. வண்டியோடவே கெடக்கும். டிரைவரு மாறுவாங்க, போனு மாறாது. எல்லா வண்டிக்கும் அப்படித்தானுங்களே, உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாதுங்கக்கா என்றேன்.

"முன்ன ஓட்டுனது யாருங்க?"

"சிவநேசன்னு ஒருத்தன். நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு பங்க்ல வண்டியப் போட்டுட்டு ஓடியே போயிட்டானுங்க. சாவியும் போனும் சீட்டு மேலயே கெடந்துச்சு. அப்பறந்தான் செங்கோடண்ணன் வந்தாரு. ரெண்டு வருசமாச்சு, ஒரு கீறல் இல்லீங்க. ஏனுங்க, எதும் பிரச்சனைங்களா?"

"இல்லீங்கக்கா. சும்மா பதிவுக்குத்தான். அவரு சோதனைல நிறுத்துனா ஒழுங்கா நிறுத்துவாருங்களா?"

சாந்தாமணி சிரித்தார். "காக்கியப் பாத்தா போதுங்க, கேக்கறதுக்கு முன்னாலயே குனிஞ்சு சீட்டுக்குக் கீழ இருந்து பேப்பர் பைல எடுத்து நீட்டிருவாரு. முப்பது வருசப் பழக்கம்."

போனை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். குனிந்து, சீட்டுக்குக் கீழே. வண்டிப் போனுக்கே பேசி எச்சரித்தால், அதை ஒட்டுக்கேட்கும் இழை அவருக்குத் துப்புப் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது மணி பதினொன்று ஐந்து.

இயக்குநர் ரகோத்தமன் நல்ல மனிதர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சிந்துஜா, உட்காருங்க. நீங்க சொல்றது சரியா இருக்கலாம். அந்தம்மா சிவநேசனோட ஆளா இருந்தா? அவங்க சொல்லிக் குடுத்த கதையா இருந்தா?"

"சார், அவங்க எங்க ஊர்க்காரங்க. பேசுனாலே தெரியும் சார்."

"ஒன்பது வருஷம் முன்னாடியும் இதேதான் சொன்னீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "சுட வேண்டாம்னு நான் போன் பண்ணினா டோல்கேட்ல கேக்க மாட்டாங்க. அவங்க கேக்கறது இழையை. இழைல ஆபத்து அளவு இறங்கணும். அதுக்கு உங்க விதி தப்புனு நீங்களே எழுதுங்க."

"எழுதிட்டேன் சார். 'முந்தைய உறுதிமொழிக்கு நாலாயிரம் ஆதாரம் உண்டு, புதியதற்கு ஒன்றுமில்லை'ன்னு சொல்லித் தள்ளிடுச்சு."

"அப்ப நீங்க கவனக்குறைவா கையெழுத்துப் போட்டீங்கனு மனு போடணும். மூணு பேர் குழு, மூணு நாள்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னை மன்னிச்சிடுங்க. மூவாயிரம் பேர் அங்க உட்கார்ந்திருக்காங்க. உங்க நம்பிக்கைய வச்சு நான் அந்த வண்டிய உள்ள விட முடியாது."

வெளியே வந்தேன். விதியை அழிக்க முடியாது. விதிக்குக் கையெழுத்துப் போட்டவளை அழிக்கலாம். ஒருவர் கவனக்குறைவானவர் என்று சொல்லத்தான் குழு, மூன்று நாள் எல்லாம். ஒருவர் உள்ளேயிருக்கும் வஞ்சகர், எதிரியின் ஆள் என்று சொன்னால் அது அந்த நொடியே செல்லும். உளவாளி என்று தெரிந்தபின் மூன்று நாள் காத்திருக்க முடியாது என்பதால் அப்படி ஒரு பிரிவு. வஞ்சகர் கையெழுத்திட்ட எல்லாமே அப்போதே செல்லாமல் போகும்.

என் மேசைக்குப் போய் அடித்தேன். 'சிந்துஜா, வகை, வஞ்சகர்.' கையெழுத்து, சிந்துஜா. இழை ஒரு நொடி யோசித்தது. 'ஏற்க இயலாது. இவர் வஞ்சகர் என்றால் இக்கூற்றும் வஞ்சகம்' என்றது. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பக்கத்து மேசை ஜெபராணி. நாகர்கோவில்காரி. எட்டு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். வஞ்சகர் பிரிவை எழுதியவள் அவள்தான். நான் நடந்ததைச் சொல்ல ஆறு நிமிஷம் ஆனது.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கு புடிச்சிட்டா? நீ வஞ்சகினு நான் கையெழுத்துப் போடணுமா?"

"வேற யாரும் போட மாட்டாங்க, ஜெபா."

"அது பொய்யில்லா?"

"பொய்தான்."

"நாப்பத்தோராயிரம் தகவல்ல ஒன் கையெழுத்து இருக்கு. எல்லாம் விழுந்துரும். அத வச்சு உள்ள போட்டிருக்க ஆறு பேரு வெளிய வருவானுவ. அதுல, வெடிமருந்து பதுக்குன அந்த ரசாயனக் கிடங்குக்காரனும் இருக்கான். அவன் நெசமாவே பண்ணுனவன்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாளைக்கு அவன் கையால ஒருத்தன் செத்தா யாருட்டி பதில் சொல்லுவா?"

"எனக்குத் தெரியல. இப்ப ஒருத்தர் சாகப் போறாருங்கறது தெரியுது. எனக்கு அது மட்டுந்தான் தெரியுது."

"தம்பி கல்யாணம் இருவது நாள்ல."

அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். என் தம்பி கவினுக்கு விமான நிலையத்தில் வேலை. உறவிலும் பழக்கத்திலும் வஞ்சகருக்கு இரண்டு கை தூரத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் இழை பார்க்கும். அறிவிப்புக்குப் பின் ஒட்டும் உறவும் வைத்துக்கொண்டால் அவர்களுக்கும் கறை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் இணைச்சீர் செய்த பிறகுதான் தாலி. சீர்ப்புடவை ஈரோட்டில் எடுத்து வைத்தாயிற்று. அவன் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்தாலும் அவன் வேலை போய்விடும்.

"போடு ஜெபா," என்றேன். "அவரு குனிஞ்சாருன்னா முடிஞ்சிருச்சு."

அவள் அழுதுகொண்டே அடித்தாள். கடைசிப் பெட்டியில் 'உறுதியாகத் தெரியுமா?' என்று கேட்டது. ஜெபராணி ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டது அவள் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மணி பதினொன்று முப்பத்தொன்று.

திரையில் வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடியது. ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்து கோத்தது இரண்டு நிமிஷத்தில் அவிழ்ந்தது. செங்கோடனும் சிவநேசனும் இரண்டு பேரானார்கள். கருப்பு மஞ்சளாக இறங்கியது. 'நிறுத்திச் சோதனையிடவும்' என்று உத்தரவு மாறியது. அது கூரைமேல் படுத்திருந்த இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று திரையில் தெரியாது.

டோல்கேட் கேமராவைத் திறந்தோம். டேங்கர் மெதுவாக வந்து நின்றது. காக்கி உடையில் ஒருவர் கையைக் காட்டினார். செங்கோடன் எட்டிப் பார்த்தார். பிறகு, சாந்தாமணி சொன்ன மாதிரியே, தலை கீழே போய் மறைந்தது. ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. நான் எழுதிய விதி, நான்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

தலை மேலே வந்தது. கையில் ஒரு பச்சை பைல். அதை ஜன்னல் வழியாக நீட்டினார். பிறகு இறங்கி, டிரவுசரின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றிக் காட்டினார். பத்து நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். போகும்போது தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். தன் தலைக்குமேல் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

என்னை அன்று மதியமே கூட்டிப்போனார்கள். நாலு மாதம் விசாரணை. எதிரியோடு தொடர்பு என்று ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்காது, அதனால் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இழையில் போட்டதை எடுக்க முடியாது என்பதால் நான் வஞ்சகிதான், சாகும்வரை. இடது கையில் ஒரு பட்டை மாட்டியிருக்கிறார்கள். நான் பேசுவதெல்லாம் அதன்வழியாக இழைக்குப் போகும். நான் விசாரணையில் இருந்தபோதே நடந்த தம்பி கல்யாணத்தில் இணைச்சீரைப் பெரியப்பா மகள் செய்தாளாம். வெளியே வந்தபின்னும் அவன் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் நானே கத்தியிருப்பேன். ரசாயனக் கிடங்குக்காரன் வெளியே வந்துவிட்டான். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. நான் தினமும் முதலில் அந்தச் செய்தியைத்தான் தேடிப் பார்க்கிறேன்.

விசாரணையின் கடைசி நாள் சாட்சி சொல்ல ஜெபராணி வந்திருந்தாள். நடைவழியில், காவலருக்கு முன்னால், இரண்டு நிமிஷம் கிடைத்தது. எனக்கு அப்போது பட்டை இன்னும் மாட்டவில்லை.

"அந்த டிரைவரு வண்டி ஓட்டல," என்றாள். "இழை லைசென்ஸ முடக்கிட்டு. நாலு மாசமா வீட்டுல இருக்காரு."

"ஏன்? அவரு வேற ஆளுன்னுதான் தெரிஞ்சிடுச்சே."

"வேற ஆளுதான். ஆனா ஒரு வஞ்சகி சட்டத்த மீறி அவரு மொதலாளிக்குப் போன் பண்ணிருக்கா, அவருக்காகத் தன்னையே காட்டிக் குடுத்திருக்கா. அப்படின்னா அவரு எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்னு இழை கேக்குது. வஞ்சகி யாரத் தூக்கிவிடுதாளோ அவன சந்தேகப்படுன்னு எழுதினவ நான்தானட்டி." அவள் தரையைப் பார்த்தாள். "மூணு மனு போட்டாரு. மூணும் தள்ளுபடி. நீ அவரப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னாலும் இன்னும் கெட்டுப்போவும். வாயத் தொறந்துராத."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது நாள் எனக்கு உறைத்தது. ஜெபராணி எழுதிய விதிக்கு இன்னொரு பாதியும் உண்டு. வஞ்சகி தூக்கிவிடுபவர்மேல் சந்தேகம் கூடும் என்றால், வஞ்சகி குற்றம் சாட்டுபவர்மேல் சந்தேகம் குறைய வேண்டும். எதிரியின் ஆள் எதற்காக ஒருவரை வலிய வந்து மாட்டிவிடப் பார்க்கிறாள்? அவர் நம் பக்கத்து ஆளாக இருப்பார்.

பொதுமக்கள் புகார் கொடுக்கும் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வஞ்சகிக்கும்தான். உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். செங்கோடன் என்பவர் பயங்கரவாதிகளுக்கு வேண்டியவர். பார்ப்பதற்கு அப்பாவி போல் இருப்பார், நம்ப வேண்டாம். திருநீறு பூசுவது வேஷம். அவருடைய உரிமத்தை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரக் கூடாது. சோற்றில் கையை வைக்க முடியாத அளவுக்கு அன்று எனக்கு அருவருப்பாக இருந்தது. இழைக்குள் நான் ஒன்பது வருஷமாகப் போட்டதில் தவறு இருந்திருக்கிறது, தெரிந்தே ஒரு பொய் இருந்ததில்லை. அன்று மூன்று பக்கம் போட்டேன். அதையும் இனி யாரும் அழிக்க முடியாது.

ஒன்பதாவது நாள் அவருடைய உரிமம் திரும்பக் கிடைத்தது. கதை, கவிதை என்று வகை போட்டவற்றை இழை எடுத்துக்கொள்வதில்லை. அந்தச் சலுகையை நம்பித்தான், ஆட்களின் பெயரையும் டோல்கேட்டின் பெயரையும் மாற்றி, வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புகார் கொடுத்தவர் யாரென்று புகாருக்கு ஆளானவருக்குத் தெரிய வேண்டும் என்பதும் சட்டம். அதை நான் மறந்தே போனேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். நான் இப்போது குடியிருப்பது செங்குன்றம் பக்கம். தெருமுனையில் ஒரு டேங்கர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் நாள் முழுக்க வண்டிகள் வரும், நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவைத் தட்டினார்கள். திறந்தால் முன்வழுக்கை, திருநீறு. கையில் நாலாக மடித்த காகிதம்.

"சிந்துஜாங்கறது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காகிதத்தைப் பிரித்தார். "'பார்ப்பதற்கு அப்பாவி போல் இருப்பார், நம்ப வேண்டாம்.' இதைய நீங்க எழுதுனதுங்களா?"

"நான் எழுதுனதுதானுங்க."

"என்னைய இதுக்கு முன்னால எங்கியாச்சும் பாத்திருக்கறீங்களா?"

பார்த்திருக்கிறேன். குனிந்து, நிமிர்ந்து, தண்ணீர் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். அது தினமும் என் கண்ணுக்குள் வருகிறது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஏனம்மிணி, அப்பறம் ஏன்?" அவர் குரல் உயரவில்லை. "நான் உனக்கு என்ன பண்ணுனேன்? நாலு மாசம் ஊட்டுல உக்காந்திருந்தேன். என்னைய போலீஸ் தேடுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. எம் பொண்ணப் பாக்க வந்தவிய திரும்பிப் போயிட்டாங்க. எம் பொண்டாட்டி தண்ணிக்குக்கூட வெளிய போறதில்லை. முடிஞ்சுதுன்னு நெனைக்கறப்ப இந்தக் காயிதம் வருது. அதுலயும் இத்தன வேகம். மறுக்கா குடுக்கவே கூடாதுன்னு எழுதியிருக்கறயே, சோறு திங்கறவன் கைய ஒடிக்கற மாதிரி."

நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ள யாரோ ஒருத்தரு நல்லவிய இருந்துதான் எம் பேர எடுத்து உட்டிருக்கறாங்க," என்றார். "ஆருன்னு தெரியல. அவிய புள்ளகுட்டியோட நல்லாருக்கோணும். நீ ஏன் இப்படி பண்ணுனேன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போயர்றேன். தெரியாம எழுதிட்டேன்னு சொன்னீன்னாக்கூடப் போதும்."

ஒரு வார்த்தைதான். 'தெரியாம எழுதிட்டேனுங்க அண்ணா.' அது தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் பட்டை கேட்கும். வஞ்சகி புகாரைத் திரும்ப வாங்குகிறாள், அவருக்காக இறங்குகிறாள் என்று அந்த நிமிஷமே இழையில் ஏறும். நாளைக்குக் காலை அவருடைய உரிமம் மறுபடி முடங்கும். எழுதிக் காட்டலாம் என்றால், புகாரைப் படித்த மாதிரி அதையும் அவர் வாய்விட்டுப் படித்துவிடுவார்.

"எழுதுனது எழுதுனதுதானுங்க," என்றேன். பட்டைக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "ஒரு எழுத்து மாத்த மாட்டேன். உங்கள மாதிரி ஆள ரோட்டுல விட்டதே தப்பு."

அவர் காகிதத்தை மடித்து என் வாசற்படியில் வைத்தார். "நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

தெருமுனையில் வண்டி உறுமியது. ஒருமுறை பின்னால் எடுத்து, திருப்பி, பெரிய ரோட்டில் ஏறி வடக்கே போனது. அது கண்ணுக்கு மறையும்வரை வாசலிலேயே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பட்டைக்குச் சத்தம் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.